லீ பஜார் பக்கத்துப் பழைய நாளிதழ்க் காப்பகம்: கடல் செய்தி தேடிப் போகிறவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில், பழைய நாளிதழ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்து, நாள் கட்டணத்துக்குப் பார்க்க விடுகிறார் ஒருவர். பெயர்ப் பலகை இல்லை. கீழே பட்டறையில் கேட்டால் தலையை நிமிர்த்தாமலே கையால் மாடிப்படியைக் காட்டுவார்கள். சேலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவருக்கு இந்த இடம் புதையல். கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் இங்கே எதற்கு வர வேண்டும் என்று கேட்டால், கட்டாயம் வர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். வாசலில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் நாளிதழ் ஒன்றின் சேலம் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அண்ணன் மகள் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கடலும் மீன்வளமும் தமிழ் நாளிதழ்களில் எப்படிச் செய்தியாகின்றன என்பது அவள் தலைப்பு. கடலுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இந்தத் தலைப்பா என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கடலைத் தொட்டுக்கொண்டிருப்பவை 38 மாவட்டங்களில் 14. மிச்சமுள்ள 24 மாவட்டத்துக்காரர்களுக்குக் கடல் என்பது நாளிதழில் வருவதும் மீன் கடையில் கிடைப்பதும்தான். அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று பார்க்க சேலம் பதிப்பைவிட நல்ல சான்று ஏது?

இடத்தைப் பற்றி முதலில். படி செங்குத்து, பிடித்து ஏறக் கம்பி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து வர வேண்டும். மேலே நீளமான ஒரே கூடம். ஜன்னல்களுக்கு நீலத் துணி கட்டி வெயிலைத் தடுத்திருக்கிறார்கள். நாளிதழ்த் தாளில், மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே கிடக்கும். வெளிச்சம் பட்டால் பழுப்பேறி, ஓரங்கள் அப்பளமாக நொறுங்கிவிடும். அதை அறிந்தவர் செய்த ஏற்பாடு இது. மாதத்துக்கு ஒரு கட்டு, கட்டுக்குக் காலிக்கோ அட்டை, முதுகில் மாதமும் ஆண்டும் மையால் எழுதியிருக்கும். அலமாரிகளில் காய்ந்த வேப்பிலை. கட்டணம் நாளுக்கு 100 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. காலை பத்து மணிக்குத் திறந்து, மதியம் சாப்பாட்டுக்கு மூடி, மாலை ஆறு மணிக்குச் சாத்துகிறார். ஞாயிறு விடுமுறை. தெருவில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஏறி வருகிறவர்களை அவர் உள்ளே விடுவதில்லை. வாளித் தண்ணீரும் சோப்பும் படி முனையிலேயே இருக்கின்றன. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். கழிவறை கீழ்த்தளத்தில், பட்டறைக்காரர்களோடு பொது. பெண்களுக்கு அது சரிப்படாது. அண்ணன் மகள் ஒவ்வொரு முறையும் பஜாரில் தெரிந்த துணிக்கடை வரை போய் வந்தாள். பட்டறையில் வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் அமில வாடை மாடிக்கு ஏறுகிறது. மனிதருக்கும் ஆகாது, தாளுக்கும் ஆகாது. மின்விசிறியைப் போட்டால் பக்கம் பறக்கிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. காகிதத்தின் மேல் வைக்கக் கூழாங்கல் தருகிறார்.

காப்பகக்காரரின் தந்தை நாளிதழ் முகவராக இருந்தவர். தினமும் ஒரு பிரதி கட்டுக்குப் போகும். இன்னொரு பிரதியிலிருந்து முக்கியமென்று அவருக்குத் தோன்றிய பக்கங்கள் பொருள்வாரிக் கோப்புகளுக்குப் போகும். கத்தரித்து ஒட்டும் வழக்கம் கிடையாது. முழுப் பக்கத்தையும் மடித்தே வைத்திருக்கிறார். இதன் அருமை ஆய்வாளர்களுக்குத்தான் தெரியும். செய்தி பக்கத்தின் மேலே வந்ததா அடியிலா, எத்தனை பத்தி, பக்கத்தில் எந்த விளம்பரம் என்பதெல்லாம் அப்படியே கிடைக்கிறது. துண்டு நறுக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செய்திக்கு ஆசிரியர் குழு எவ்வளவு மதிப்புக் கொடுத்தது என்று அளக்க முடியாது.

அந்தக் கோப்புகளின் முதுகில் ஒட்டியிருக்கும் பெயர்களை ஒரு நடை நடந்து வாசித்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். மேட்டூர் அணைக்கு இரண்டு அலமாரி. இரும்பாலை, ஜவ்வரிசி, மாம்பழம், விசைத்தறி, ஏற்காடு கோடை விழா என்று சேலத்தின் சங்கதிகள் எல்லாம் உண்டு. கடல் என்று ஒரு கோப்பு இல்லை. மீன்வளம் என்றும் இல்லை. அண்ணன் மகளின் முகம் வாடிவிட்டது. “கடல் இல்லாமல் இருக்குமா அம்மா? உட்காருங்கள்” என்று சொல்லிவிட்டுக் காப்பகக்காரர் எடுத்து வைத்த முதல் கோப்பின் பெயர் ‘இலங்கை’. அடுத்தது ‘விலைவாசி’. பிறகு ‘புயல், மழை’. பிறகு ‘கடத்தல்’. ‘நீதிமன்றம்’ கோப்பையும் போகிற போக்கில் வைத்தார். திமிங்கலமும் ஆமையும் வேண்டுமென்றபோது வந்தது ‘விலங்குகள்’. அதில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவின் மான்களுக்கும் மயில்களுக்கும் நடுவில், 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கிய செய்தி மடிந்து கிடந்தது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததும் அதே கோப்பில்தான்.

முகவர் பெரியவர் இதழியல் படித்தவர் இல்லை. ஆனால் செய்தி அறை கடலை எப்படிக் கூறு போடுகிறது என்பதை அவருடைய கோப்புகள் அச்சாகக் காட்டுகின்றன. நாளிதழ்களில் கடலுக்கென்று தனி நிருபர் இருப்பது அபூர்வம். பறிமுதல் என்றால் குற்றச் செய்தியாளர், கச்சத்தீவு என்றால் அரசியல் செய்தியாளர், வஞ்சிரம் விலை என்றால் மார்க்கெட் சுற்றுகிறவர், புயல் என்றால் சென்னை அலுவலகம். நான்கு பேரும் ஒரே கடலைத்தான் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. வாசகருக்கு அது ஒரே கடல் என்று யாரும் சொல்லுவதும் இல்லை. இந்தக் காப்பகத்தில் நான் பார்த்த பெரிய விஷயம் இதுதான். நன்றாக அட்டவணை போட்ட பெரிய நூலகத்துக்குப் போயிருந்தால் ‘மீன்வளம்’ என்ற தலைப்பில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்திருக்கும், இது கண்ணில் பட்டிருக்காது.

‘விலைவாசி’ கோப்பை விரிவாகச் சொல்ல வேண்டும். சேலத்து வாசகருக்குக் கடல் அதிகமாக வருவது அந்த வழியாகத்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் தமிழ்நாட்டில் 61. ஆண்டுதோறும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் செவ்வாய்ப்பேட்டை அல்லது சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் எடுத்த ஒரு படம், மேலே விலை உயர்வுத் தலைப்பு, கீழே வியாபாரி ஒருவர் சொன்ன இரண்டு வரி. அடுத்தடுத்த ஆண்டுக் கட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தோம். தேதியை மறைத்தால் எது எந்த ஆண்டு என்று சொல்ல முடியாது.

தடை எதற்கு என்று எத்தனை செய்தியில் இருக்கிறது என்று அண்ணன் மகள் கணக்கெடுத்தாள். இனப்பெருக்கக் காலம் என்ற ஒரு சொல் பெரும்பாலும் இருக்கும். அதற்கு மேல் போவதில்லை. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகலாம் என்பது விடுபட்டுவிடும். மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 31 வரை. கேரளம் தன் எல்லைக் கடலில் ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குகிறது. அதாவது ஏப்ரல், மே மாதங்களில் கேரளப் பக்கத்து மீன் வந்துகொண்டே இருக்கும். இரண்டு கரையும் சேர்ந்து மூடியிருப்பது ஜூன் முதல் பாதியில்தான். உண்மையான தட்டுப்பாடு அப்போதுதான் வர வேண்டும். எங்கள் கட்டுகளில் ஜூன் மாதம் அனேகமாக மீன் செய்தியே இல்லை. ஏப்ரலில் ஒருமுறை எழுதியாயிற்று, பள்ளிக்கூடம் திறக்கும் செய்தி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ஏப்ரல் படங்களில் ஒன்றைக் காப்பகக்காரர் கொடுத்த பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தலைப்பு கடல் மீன் விலையைச் சொல்கிறது. தட்டில் குவிந்திருப்பது பெரிய தலையும் அகன்ற செதிலுமாகக் கட்லாவும் ரோகுவும். குளத்து மீன். அவற்றுக்கும் கடல் தடைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல்தான் உலகத்தில் முதன்முறையாக வளர்ப்பு மீன் உற்பத்தி பிடிக்கும் மீனை மிஞ்சியது. நீர்வாழ் விலங்குகளின் உற்பத்தியில் 51 சதவீதம் வளர்ப்பு. சேலம் மார்க்கெட்டில் சமைக்க மீன் வாங்குகிற யாருக்கும் இது கண்ணால் தெரிந்த விஷயம். செய்தியில் மட்டும் மீன் எல்லாம் கடலிலிருந்தே வருகிறது.

‘இலங்கை’ கோப்பு தடிமனானது. கைது, படகு பறிமுதல், விடுதலை கோரி வேலைநிறுத்தம், பிரதமருக்கு முதல்வர் கடிதம், விடுதலை, மறுபடி கைது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள் அவ்வப்போது பெட்டிச் செய்தியாக வரும். யார் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தோம். விசைப்படகுச் சங்கத் தலைவர்கள், கட்சித் தலைவர்கள், அதிகாரிகள். நாட்டுப்படகு மீனவர் குரல் அபூர்வம். கருவாடு போடும் பெண்கள், மீன் விற்கும் பெண்கள் குரல் அதைவிட அபூர்வம். யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2009இல் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய அவர்களும் தமிழர்கள்தான். தங்கள் வலைகளை, கடலடியை வாரிச் செல்லும் இந்திய இழுவைப் படகுகள் அறுத்துப் போடுகின்றன என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டில் பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தை இந்திய அரசும் தமிழக அரசும் தொடங்கின. இந்த இரண்டையும் கைதுச் செய்தியோடு சேர்த்து எழுதினால்தான் ஏன் இது ஓயவில்லை என்று வாசகருக்கு விளங்கும். சேலம் பதிப்பில் கைதுச் செய்திக்கு ஒற்றைப் பத்தியில் ஐந்து விரற்கடை இடம். அதற்குள் ஊர், எண்ணிக்கை, நேரம் போட்டால் முடிந்தது. அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே காரணத்துக்கு இடம் கேட்டால் கிடைக்காது.

இங்கேதான் காப்பகத்தின் பெரிய குறை வருகிறது. இருப்பவை பெரும்பாலும் சேலம் பதிப்புகள். நடுவில் சில ஆண்டுகளுக்குச் சென்னைப் பதிப்பும் உண்டு. நாளிதழின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ராமநாதபுரத்தில் விற்கும் பிரதியும் சேலத்தில் விற்கும் பிரதியும் ஒன்றல்ல. மாவட்டப் பக்கங்கள் வேறு. சில சமயம் முதல் பக்கமே வேறு. ராமேஸ்வரத்தில் அரைப் பக்கமாக ஓடிய செய்தி இங்கே பிட்டாகக் குறுகியிருக்கும் அல்லது விழுந்தே போயிருக்கும். இதைத் தெரியாமல் வந்து, ‘தமிழ் நாளிதழ்கள் கடலைக் கண்டுகொள்ளவில்லை’ என்று ஆய்வேடு எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதே எந்தப் பதிப்பு, எந்த ஆண்டுகள் என்று ஒரு தாள் கொடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. சொன்னேன். தலையாட்டினார்.

2017 டிசம்பர் கட்டின் முதல் வாரத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. நவம்பர் 29, 30இல் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வருவதற்கு முன்பே கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தார்கள். அந்த வாரம்தான் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல். நாங்கள் பார்த்த பதிப்பில் முதல் பக்கம் தேர்தலுக்கு. புயல் என்றால் சாய்ந்த மரம், ரப்பர், வாழை. காணாமல் போன மீனவர்கள் உள்பக்கத்தில், நாளுக்கொரு எண்ணிக்கையாக. அரசு சொன்ன கணக்கும் மீனவ ஊர்களும் திருச்சபையும் சொன்ன கணக்கும் பொருந்தாமலிருந்தது ஒரு பெரிய செய்தி. அது கட்டில் மெல்லத்தான் தலை காட்டுகிறது. கரையில் விழுந்த மரத்துக்குப் படம் உண்டு. கரையிலிருந்து தொலைவில் நடந்ததற்குப் படம் இல்லை, படம் இல்லாததற்கு இடமும் இல்லை.

2004 டிசம்பர் 27 இதழ் வேறு மாதிரி. ஆழிப்பேரலைக்கு மறுநாள், எல்லாப் பக்கமும் கடல்தான். ஆனால் அந்த இதழை யாரோ ஒருவர் படங்களுக்காகப் பிளேடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இப்போது காப்பகக்காரர் அதன் நகலை மட்டும் தருகிறார்; நியாயம்தான்.

மேட்டூர் அலமாரியை நான்தான் பிடிவாதமாகப் பார்க்கச் சொன்னேன். “அது அணை சித்தப்பா, கடல் இல்லை” என்றாள். 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று தினமும் பெட்டியில் நீர்மட்டம் போடும் ஊர் இது. அணை நிரம்பி உபரி நீர் கொள்ளிடம் வழியாகப் போகும் ஆண்டுகளில், 2018இலும் 2024இலும் போல, இத்தனை டி.எம்.சி. கடலுக்குப் போய் வீணாயிற்று என்ற கணக்கு தவறாமல் வரும். உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஆறு கொண்டுபோகும் நன்னீரும் வண்டலும் முகத்துவாரத்துக்கு வேண்டும். இறாலும் மடவையும் குஞ்சாக வளர்வது அந்தக் கலப்பு நீரில். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்து மீனவர் ஒருவரிடம் வெள்ளத்துக்குப் பிறகு வலையில் என்ன கிடைத்தது என்று கேட்ட செய்தி இரண்டு அலமாரியிலும் எங்கள் கண்ணில் படவில்லை. சேலத்து வாசகருக்குக் கடலைப் பற்றி அதிகத் தடவை சொல்லப்பட்ட கருத்து எது என்று என்னைக் கேட்டால், கடல் என்பது நல்ல தண்ணீர் வீணாய்ப் போகிற இடம் என்பதுதான். இப்போது அவளுடைய ஆய்வில் அதற்கு ஓர் இயலே வந்துவிட்டது.

முறையைப் பற்றிக் கொஞ்சம். ஆண்டு முழுக்கப் புரட்ட முடியாத ஆய்வாளர்கள் ‘கட்டிய வாரம்’ என்று ஒன்று எடுப்பார்கள். எங்கிருந்தோ ஒரு திங்கள், எங்கிருந்தோ ஒரு செவ்வாய் என்று சீட்டுக் குலுக்கி ஏழு கிழமைகளைச் சேர்ப்பது. ஒரு நாளிதழின் ஓராண்டுக்கு இப்படி இரண்டு வாரம் போதும் என்று 1993இல் டேனியல் ரிஃப் முதலியோர் காட்டினார்கள். இங்கே அதைச் செய்தால் பதினான்கு நாளுக்குப் பல மாதக் கட்டுகளை இறக்க வேண்டியிருக்கும். காப்பகக்காரர் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டார். ஆனால் உள்நாட்டுப் பதிப்பில் கடல் செய்தி அரிதானது, அந்தச் சல்லடையில் தங்காமல் நழுவிவிடுகிறது. அதனால் தடைக்கால மாதங்களை முழுதாகவும், பெரிய நிகழ்வுகளின் வாரங்களைத் தனியாகவும் எடுத்துக்கொண்டாள். காப்பகத்தின் அடுக்கு முறைக்கும் இதுதான் ஒத்து வந்தது.

ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை அளக்க 1960இல் ஜேக்கப் கோஹென் தந்த கப்பா என்ற கணக்கு இருக்கிறது. இரண்டாவது ஆள் நான். கடலடியில் வாழும் கடல் அட்டை என்ற உயிரினத்தைப் பறிமுதல் செய்த செய்தியில் எங்களுக்குள் பலத்த சண்டை. நான் குற்றம் என்று போட்டேன், அவள் மீன்வளம் என்று போட்டாள். 2001இல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்கு முன்பு அது ராமநாதபுரத்துக் கரையில் பலருக்குச் சோறு போட்ட தொழில். “செய்தியில் அது இருக்கிறதா?” என்றேன். இல்லை, இத்தனை கிலோ, இத்தனை பேர் கைது என்பதோடு முடிகிறது. “இல்லாததையும் குறிக்கத்தானே சித்தப்பா படிவத்தில் கட்டம் போட்டிருக்கிறேன்?” என்றாள். காப்பகக்காரர் கூழாங்கல்லை மேசையில் தட்டி அமைதி கேட்டார். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலைச் செய்திக்கும் இதே வழக்கு: 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்ததை நீதிமன்றச் செய்தியாகப் பார்ப்பதா, சிறு வலைக்காரருக்கும் பெரிய வலைக்காரருக்கும் உள்ள தகராறாகப் பார்ப்பதா? அது இன்னும் தீரவில்லை.

ஸ்கேன் சேவை பக்கத்துக்கு 10 ரூபாய். பென்டிரைவ் நாமே கொண்டு போக வேண்டும். முதலில் அவர் மகன் எடுத்துக் கொடுத்த படங்களில் பக்க எண்ணும் தேதியும் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தன. தேதி இல்லாத செய்தி ஆய்வுக்கு உதவாது. முகம் சுளிக்காமல் மறுபடி எடுத்துத் தந்தார், பணமும் வாங்கவில்லை. ‘நான்கு ஓரமும் தெரிய வேண்டும்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் இணையத்தில் கிடைக்காதா என்று கேட்கிறவர்களுக்கு: ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வோர் எழுத்துருவில் இணையப் பக்கம் நடத்திய காலம் ஒன்று இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய அந்தப் பக்கங்களில் ‘மீனவர்’ என்று தட்டித் தேடினால் ஒன்றும் சிக்காது. சிக்கினாலும் செய்தி மட்டும் இருக்கும், பக்கம் இருக்காது. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. கன்னிமாராவுக்கு நாளிதழ்கள் சட்டப்படியே வந்து சேர வேண்டும் என்பதால் அங்கே இதழ்களின் தொடர் வரிசை நீளம். மீன்பிடித் தொழிலாளர்களுக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்று சென்னையிலிருந்து ‘சமுத்ரா’ என்ற பெயரில் மீன்வளச் செய்திகளைத் திரட்டி அனுப்புகிறது. உபயோகமானது, ஆனால் ஆங்கிலத்தில். சேலத்து வாசகர் காலையில் காப்பியோடு எதைப் பார்த்தார் என்பது இந்த மூன்றில் எதிலும் முழுதாகக் கிடைக்காது.

ஐந்துக்கு எத்தனை என்று போடச் சொன்னால் மூன்றரை. கழிவறைக்கு அரை, பதிப்பு விவரம் சொல்லாததற்கு ஒன்று கழித்திருக்கிறேன். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. காலையில் போய் மாலையில் ஆய்வுக் கட்டுரையோடு இறங்கும் எண்ணமிருந்தால் வேண்டாம்.

ராமநாதபுரம் பதிப்பின் பழைய கட்டுகள் பரமக்குடியில் ஒரு முகவரிடம் இருப்பதாகவும், வாங்கிவந்து தர முடியும் என்றும் காப்பகக்காரர் சொல்கிறார். மாதக் கட்டு ஒன்றுக்கு 300 ரூபாய், லாரி வாடகை தனி. அண்ணன் மகள் 200 என்கிறாள். ஏப்ரல், மே, ஜூன் கட்டுகளை மட்டுமாவது முதலில் இறக்கச் சொல்லி நான் முன்பணம் கொடுத்திருக்கிறேன்; ரசீது எழுதித் தந்திருக்கிறார்.